அப்பம் சுட வந்தவள்

பிசைகிற கைக்கு இல்லாத தீட்டு, தின்கிற வாய்க்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

அன்னத்தாய் இதை யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்வார்கள். சபையில் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. பதில் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் கனிவைத்தான் அவளால் பார்க்க முடியாது. அதனால் வாயை மூடிக்கொண்டு, தாம்பாளத்தில் குவிந்திருந்த கோதுமை மாவில் உப்பைத் தூவி, நடுவில் குழித்துத் தண்ணீர் ஊற்றினாள்.

தேவதானப்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்தது அந்த மாந்தோப்பு. வருடாவருடம் வைகாசிக் கடைசியில் தேனியிலிருந்து பஸ் பிடித்துச் சபையார் குடும்பம் குடும்பமாக இங்கே வருவார்கள். காலையில் பாட்டு, பிரசங்கம். மதியம் பிரியாணி. பிறகு பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம், பெரியவர்களுக்கு வேதாகமக் கேள்வி பதில். வெயில் தாழ்ந்ததும் மரத்தடியில் அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்து. ஒரு வருடம் ஊரிலிருந்து கொண்டுவந்த ரொட்டி பஸ் சூட்டில் புழுங்கி ஊசிப்போய்விட்டது. என்ன செய்வதென்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அன்னத்தாய்தான் பிரியாணி அடுப்புத் தணலில் சட்டியை வைத்துப் புளிக்காத மாவில் அப்பம் சுட்டுக் கொடுத்தாள். வெட்டவெளியில் சுட்ட அந்த அப்பத்தைப் பிட்டபோது ஆவி பறந்தது. மறு வருடமும் அதுவே வேண்டும் என்றார்கள். அப்படியே வழக்கமாகிப்போனது.

போன வருடம் மட்டும் அவள் சுடவில்லை. வரவே இல்லை.

"அத்தை, இம்புட்டு இறுக்கமாவா பிசைவீக?" ஜெனிபர் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். பாடகர் குழுவில் அன்னத்தாயின் மகள் மகிமாவோடு சேர்ந்து பாடிய பெண். போன வருடம் அப்பம் சுட்டது இவள்தான். "நான் சப்பாத்திக்குப் பிசைஞ்ச மாதிரில்ல பிசைஞ்சேன்."

"அதான் அப்பம் அந்த லட்சணத்துல இருந்துச்சு." சபைச் செயலாளர் இம்மானுவேல் விறகை இழுத்துப் போட்டுவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "கல்லை அப்பமாக்கச் சொல்லிச் சாத்தான் கேட்டான். ஆண்டவரே முடியாதுன்னுட்டாரு. நம்ம பிள்ளைக என்னடான்னா அப்பத்தையே கல்லாக்கிருச்சுக. பாஸ்டரய்யா பிட்க முடியாம, கத்தி எங்கடான்னு கேட்டாகள்ல."

"ஆமா மாமா, நீங்க வந்து சுட்டிருக்க வேண்டியதுதான? நல்லா ரெண்டு தட்டு பிரியாணி தின்னுட்டு மரத்தடியில குறட்டை விட்டீக."

இம்மானுவேல் சிரித்தபடி அன்னத்தாயைப் பார்த்தார். சிரிப்பில் அவளையும் சேர்த்துக்கொள்ள அவர் எடுத்த முயற்சி தெரிந்தது. அவளும் சிரித்தாள். போன வருடம் அப்பம் வெளியே கரியாகி உள்ளே மாவாக இருந்தது என்று கேள்விப்பட்ட அன்று, வீட்டுச் சமையலறையில் தனியாக நின்று அவள் அடைந்த சந்தோஷம் நினைவுக்கு வந்தது. அது நல்ல சந்தோஷமில்லை. ஆனாலும் அன்று அவளுக்குப் பசித்தது. பல நாட்களுக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டாள்.

மாவை ஈரத்துணியால் மூடிவிட்டு அடுப்புக் குழியைப் பார்க்கப் போனாள். மேற்கேயிருந்து காற்று கிளம்பியிருந்தது. இந்த வருடம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது. இந்தக் காற்றில் தரைமேல் அடுப்புக் கூட்டினால் தீ ஒரு பக்கமாகவே படுக்கும். அப்பம் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வெளுத்துக் கிடக்கும். முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, காற்று வரும் பக்கம் தகரத்தை நட்டு வைத்திருந்தாள். மாமரத்து விறகு வேண்டாம், புகையும். புளியங்கட்டை எரிந்து தணலானதும் அதன் மேல் கொட்டாங்கச்சியைப் போட வேண்டும். சட்டிக்குள் இரண்டு விரல் உயரம் மணல், மணல் மேல் தட்டு, தட்டில் அப்பம். மூடியைக் கவிழ்த்து அதன் மேலும் தணல். கீழே இருக்கும் சூட்டைவிட மேலே இருக்கும் சூடு கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. மற்றது எல்லாம் திறந்து பார்க்காமல் இருப்பது.

திறந்து பார்க்காமல் இருக்கத்தான் யாராலும் முடிவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மகிமா ஓடைப்பட்டி விஜய்பாண்டியைக் கல்யாணம் செய்துகொண்டாள். போடியில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அவன் வீட்டுக்குத் திராட்சைத் தோட்டம். அவர்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் தாலி கட்டு. அன்னத்தாயின் கணவர் சுந்தர்ராஜ், தேனி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், அன்றைக்கு ஏலக்காய் வாங்கப் போடிக்குப் போவதாகச் சொல்லிக் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்னத்தாய் தனியாக பஸ் ஏறினாள். கோயிலுக்குள் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒரு தூணோரம் நின்றாள். யாரோ ஒரு அம்மாள் நெற்றியில் சந்தனம் வைத்துக் கையில் அட்சதையைத் திணித்தாள். யாரோ அதைப் போனில் பிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் அது சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது.

அந்த வீடியோவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அட்சதை போட்டது கூட இல்லை, அந்தச் சிரிப்புத்தான் கமிட்டியாருக்குப் பொறுக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றும். அழுதுகொண்டே போட்டிருந்தால் மன்னித்திருப்பார்கள்.

பெற்றவர்கள் இருவரையும் திருவிருந்திலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சுந்தர்ராஜ் அடுத்த மாதமே ஆராதனையில் எழுந்து நின்றார். "எனக்கு அப்படி ஒரு மக இல்லை. அந்த வீட்டோட எனக்குப் பங்கும் இல்லை, போக்குவரத்தும் இல்லை" என்றார். குரல் தழுதழுத்தது. பலர் கண்ணைத் துடைத்தார்கள். அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வாரமே அவர் திராட்சை வாங்கப் போன சாக்கில் ஓடைப்பட்டியில் மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்ததை மகிமாதான் போனில் சொன்னாள். "அப்பா வந்தாக. நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு வச்சேன். ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாக."

அன்னத்தாய் எழுந்து நிற்கவில்லை. அதனால் திருவிருந்து நடக்கும் ஞாயிறுகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். வரிசை வரிசையாக ஆட்கள் பீடத்துக்குப் போவார்கள். அவளுடைய பெஞ்சு முறை வரும்போது எல்லோரும் அவள் முழங்காலை ஒதுக்கித் தாண்டிப் போவார்கள். "கொஞ்சம் வழி விடுங்க" என்று யாரும் சொல்வதில்லை. சேலைகள் மட்டும் உரசிப் போகும். பிறகு வாயில் அந்தச் சின்னத் துண்டை வைத்துக்கொண்டு, கண்களைத் தாழ்த்தியபடி, மறுபடியும் அவள் முழங்காலைத் தாண்டி வந்து உட்காருவார்கள். அவர்கள் வாயசைவதை அவள் பார்க்காமல் இருக்கப் பார்ப்பாள். நாற்பது வருடமாகத் தின்றது. மாவும் தண்ணீரும்தான். அதற்காக நாக்கில் எச்சில் ஊறும் என்று யாரிடம் சொல்வது?

போதகரின் மனைவி பாஸ்டரம்மா போன மாதம் வீட்டுக்கு வந்து கேட்டாள். "இந்த வருசம் நீங்களே அப்பம் சுட்டுத் தாங்க. அது ஊழியம். ஊழியத்துக்குத் தடையில்லன்னு அய்யா சொன்னாக." அன்னத்தாய் சரியென்றாள். ஏன் சரியென்றாள் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். அவர்கள் தன்னைத் தேடி வந்தது பிடித்திருந்தது. தன் கை இல்லாமல் அவர்களால் முடியவில்லை என்பது அதைவிடப் பிடித்திருந்தது.

முதல் அப்பத்தைச் சட்டியில் இறக்கினாள். மேலே கத்தியால் லேசாகக் கீறிவிட்டிருந்தாள், பிட்கும்போது ஒழுங்காக உடைவதற்கு. மூடியைப் போட்டு, கிடுக்கியால் தணலை அள்ளிப் பரப்பினாள். காற்று தகரத்தில் மோதி உறுமியது.

சுந்தர்ராஜ் திராட்சைக் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். இறக்கி வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கேட்காமலேயே விசிறியை எடுத்து அவள் முகத்துக்கு வீசினார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு அலுப்பாக இருந்திருக்காது.

"வாசம் வருதே. ஆயிருச்சா?"

"இது மாவு வாசம். இன்னும் சூடு ஏறணும்."

"தொறந்துதான் பாரேன்."

"வேணாம்."

கூடையிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "ரசத்துக்கு எங்கன வாங்குனேன் தெரியுமா? ஓடைப்பட்டிதான். மாப்பிள்ளையே வெட்டிக் குடுத்தாரு. சபைக்குன்னு சொன்னேன். நல்ல குலையாப் பாத்துப் பாத்து வெட்டுனாரு. பன்னீர் திராட்சை. மோந்து பாரு."

அவள் அவரைப் பார்த்தாள்.

"யாருகிட்டயும் சொல்லிராத" என்று கண்ணைச் சிமிட்டினார்.

எந்த வீட்டோடு பங்கில்லையோ அந்த வீட்டுப் பழம் இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோர் தொண்டையிலும் இறங்கப்போகிறது. அன்னத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சுக்குள்ளேயே அது புளித்தும் போனது. எழுந்து சொல்லலாம். சொன்னால் என்ன நடக்கும்? ரசத்தைக் கீழே கொட்டுவார்கள். பெரியகுளத்துக்கு ஆளை அனுப்பிப் பாட்டிலில் விற்கும் ஜூஸ் வாங்கி வரச் சொல்வார்கள். அதற்கும் ஒரு வசனம் சொல்வார்கள்.

"அன்னம், அய்யாகிட்டப் பேசிட்டேன்" என்றார் சுந்தர்ராஜ். விசிறி நின்றிருந்தது. "இன்னைக்கு உன்னையச் சேத்துக்கிறாக. நீ அப்பம் சுட வந்துட்டயில்ல, அப்பயே சம்மதம்னு கமிட்டியில எல்லாரும் எடுத்துக்கிட்டாக."

"நான் எங்க சம்மதம் சொன்னேன்?"

"சம்மதம் இல்லாமயா வந்து அடுப்படியில உக்காந்திருக்க?"

அவர்கள் கணக்கில் அது சரிதான். மனது ஒப்பாத இடத்தில் ஒரு பெண் மாவு பிசைவாள் என்று அவர்களில் யாருக்கும் தோன்றியிருக்காது. அவரவர் வீட்டில் தினமும் நடப்பதுதான் என்றாலும்.

"நான் என்ன சொல்லணுமாம்?"

"ஒன்னும் சொல்ல வேணாம். அதான் நான் பேசி முடிச்சிருக்கேன். அய்யாவே சொல்லிருவாக. அந்த வீட்டோட பங்கில்ல, போக்குவரத்தில்லன்னு. நீ ஆமென்னு சொல்லிட்டு வாங்கிக்க வேண்டியது. ஒரு வார்த்தைதான? வாயில வந்து காத்துல போறது."

"நீங்க சொன்னதும் அப்படித்தானா?"

"அப்புறம்? சொல்லிட்டுப் போகாமயா இருக்கேன்? நீயும் போ. பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வா. யாரு தடுத்தா? அங்கன தங்காத, அம்புட்டுத்தான்."

"அவளுக்கு ஏழாம் மாசம். தலப்பிரசவம். நம்ம வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வரணும்."

சுந்தர்ராஜ் மண்ணைக் கிளறினார். "அது எப்படித்தான் முடியும்? நம்ம தெருவே சபைதான். சம்பந்தி வீட்டுலயே பாத்துக்குவாக. ஆஸ்பத்திரிக்குப் போக நான் காருக்குச் சொல்லிர்றேன்."

"கமிட்டிக்கு எலெக்‌ஷன் வருதாக்கும்."

அவர் முகம் சிறுத்தது. மறைக்கத் தெரியாதவர். "அதுவுந்தான். பொண்டாட்டி பந்தியில இல்லாதவன் எப்படி நிப்பான்னு இம்மானுவேல் எல்லாருக்கும் முன்னால கேக்குறான். நான் எம்புட்டு நாளைக்குத் தலையக் குனிஞ்சுக்கிட்டுத் திரியிறது?"

மூடியின் மேல் தணல் சாம்பல் பூத்தது. அவள் குனிந்து ஊதினாள். உள்ளேயிருந்து இப்போதுதான் வாசம் மாறியது. பச்சை மாவின் வாசம் போய், வறுபடுகிற வாசம். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும்.

இதையெல்லாம் அவள் எதிர்பாராமல் இல்லை. நேற்று சாயங்காலம் மகிமாவே போனில் சொன்னாள். அப்பா அவளிடம் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். "அம்மா, சொல்லச் சொன்னாகன்னா சொல்லிரும்மா. எனக்கு ஒன்னுமில்ல. சும்மா வார்த்தைதான? நீ சபையில ஓரமா உக்காந்திருக்கன்னு நெனச்சாத்தான் எனக்குக் கஷ்டமா இருக்கு." பிறகு கொஞ்சம் தயங்கி, "பிரசவத்தை இங்கயே பாத்துக்கலாம்னு இவுக அம்மா சொல்றாக. நீ அதைப் போட்டு மனசுல வச்சுக்காத" என்றாள்.

போனை வைத்த பிறகு அன்னத்தாய் நெடுநேரம் நின்ற இடத்திலேயே நின்றாள். மகள் தனக்காகப் பேசினாள், அன்பாகத்தான் பேசினாள். ஆனால் அந்தக் குரலில் சுந்தர்ராஜ் இருந்தார். அவர் பெண்தானே. இரண்டு பேருக்கும் வார்த்தை என்பது மழைக்குப் பிடிக்கிற குடை. நனையாமல் போய்ச் சேர்ந்தால் சரி, பிறகு மடக்கி வைத்துவிடலாம். தனக்கு மட்டும் ஏன் அப்படி வரவில்லை? யாருக்காக இந்தப் பிடிவாதத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள்? மகளுக்காக என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். மகளே வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது அது யாருக்கும் உதவாத பாரமாகக் கையில் இருந்தது. கீழே போட்டால் தடுக்க ஆளில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கசந்தது.

மூடியைத் தூக்கினாள். அப்பம் பொன்னிறமாக, கீறிய கோடுகள் விரிந்து, ஒரே சீராக வெந்திருந்தது. தட்டோடு எடுத்து வெள்ளைத் துணியில் வைத்து அடிப்பக்கத்தை விரலால் தட்டினாள். வெறும் பானையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. உள்ளே வெந்துவிட்டது.

"அடி ஆத்தா!" என்றாள் ஜெனிபர். "அத்தை, ஓரத்துல ஒரு துணுக்குப் பிச்சுத் தாங்களேன்."

"ஏ பிள்ள, பீடத்துக்குப் போறதுக்கு முன்னாடி பந்தியா?" என்று இம்மானுவேல் அதட்டினார். அவருக்கும் மூக்கு விடைத்திருந்தது.

இன்னும் இரண்டு சுட வேண்டியிருந்தது. சுட்டாள். கடைசி அப்பம் வெளியே வரும்போது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது. சட்டியில் வைக்கக் கிள்ளியது போக மீந்த மாவு உருண்டை தாம்பாளத்தில் கிடந்தது. அதைத் தனக்கென்று தணலில் போட்டுக்கொள்ளலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அது வெறும் ரொட்டி. அந்த உருண்டைக்கும் துணியில் சுற்றி வைத்திருக்கும் மூன்றுக்கும் மாவில் வித்தியாசம் கிடையாது. அவளுக்குத் தெரியும், அவள்தான் பிசைந்தவள். ஆனால் அவளுக்கு இது வேண்டாம், அதுதான் வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் அதுதான் வேண்டும் என்று மனது கேட்டது. அந்த ஆசை அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பெரிய மாமரத்தின் கீழ் ஜமுக்காளம் விரித்து, முன்னால் ஒரு மேஜை போட்டு வெள்ளைத் துணி மூடியிருந்தார்கள். போதகர் ஞானசிகாமணி அங்கியை மாட்டிக்கொண்டு நின்றார். இளவயதுக்காரர். பேச்சில் அதிராதவர். காற்று அங்கியைப் பிடித்து இழுத்தது. ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டே ஜெபித்தார். அப்பத்தை எடுத்துப் பிட்டபோது அது கோட்டின்மேலேயே சுத்தமாக உடைந்தது. உள்ளிருந்து ஆவி எழுந்தது. கூட்டத்தில் யாரோ ஒருவர் மூச்சை இழுத்து விட்டது அன்னத்தாய்க்குக் கேட்டது.

பாட்டு தொடங்கியது. வரிசை நகர்ந்தது. சுந்தர்ராஜ் அவள் முழங்கையைத் தொட்டார். "வா."

அவள் எழுந்தாள். போகக்கூடாது என்று முடிவு செய்து வைத்திருக்கவில்லை. வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்திருக்கவில்லை. கால்கள் பழகிய வேகத்தில் நடந்தன. முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். முன்னால் போனவர்கள் அவளுக்காக விலகி இடம் விட்டார்கள். பாஸ்டரம்மா தன் பக்கத்தில் ஜமுக்காளத்தைத் தட்டிக் காட்டினாள். எத்தனையோ ஞாயிறுகளாக முழங்காலைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் இப்போது நனைந்த கண்களோடு அவளைப் பார்த்தார்கள். அந்தக் கண்கள் பொய் இல்லை. அவள் மண்டியிட்டாள். ஒருபக்கம் கணவர், மறுபக்கம் பாஸ்டரம்மா. தோளோடு தோள். இப்படித் தோள் உரச மண்டியிட்டு எவ்வளவு காலமாயிற்று.

போதகர் அவள் முன் வந்து நின்றார். பாட்டைக் கையமர்த்தினார். "நம்முடைய சகோதரி இன்று மறுபடியும் பந்திக்கு வருகிறார்கள். கர்த்தருக்குப் பிரியமில்லாத அந்த உறவோடு தமக்குப் பங்கும் இல்லை, போக்குவரத்தும் இல்லை என்று சபைக்கு முன்பாக ஒப்புக்கொள்கிறார்கள்."

சுந்தர்ராஜ் குனிந்த தலையோடு காத்திருந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

பங்கும் இல்லை. தூணோரம் நின்று தான் சிரித்த அந்தச் சிரிப்பை அவள் நினைத்தாள். அது மகளுக்காகச் சிரித்தது கூட இல்லை. மேளம் கொட்டியது, மகள் தலைநிமிர்ந்து பார்த்தாள், சிரிப்பு தானாக வந்தது. வாழ்க்கையில் தானாக வந்தவை அதிகமில்லை. அதற்கு எதிராக ஒரு ஆமென்.

போதகர் குனிந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், ஏறக்குறையக் கெஞ்சுவதுபோல், "ஆமென்னு மட்டும் சொல்லுங்கம்மா. போதும்" என்றார். அவர் விரல்களுக்கிடையில் இருந்த துண்டு அவள் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. நன்றாக வெந்திருந்தது. வாசம் வந்தது.

நீட்டிப் பிடித்திருந்த தன் இரண்டு கைகளையும் அவள் மெதுவாக மடியில் இறக்கிக்கொண்டாள்.

"எனக்கு வேணாங்கய்யா" என்றாள். பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டிருக்கும். "ஆறிப்போகும். அடுத்தவுகளுக்குக் குடுங்க."